எடுத்து வைப்பதன் அறம்

வீட்டில் இடமில்லாத சாமான்களை மாத வாடகை கொடுத்துப் பூட்டி வைக்கும் தனி அறைக்கு செல்ஃப் ஸ்டோரேஜ் என்று பெயர். நிறுவனம் இடத்தை மட்டும் தருகிறது. பூட்டும் சாவியும் வாடகைதாரரிடம் இருக்கும். 1960களில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இது ஒரு தொழிலாக உருப்பெற்றது. இன்று அந்நாட்டில் இத்தகைய வளாகங்கள் 50,000க்கு மேல் உள்ளன. இடநெருக்கடி மிகுந்த ஹாங்காங்கில் பழைய தொழிற்கூடங்களின் மாடிகளைத் தடுத்துச் சிறு அறைகளாக்கி வாடகைக்கு விடுகிறார்கள். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் இந்தச் சேவை கிடைக்கிறது.

தொழில் புதிது, அது எழுப்பும் அறக்கேள்வி மிகப் பழையது. இன்று பயன்படாத ஒரு பொருளை ஒருவர் எவ்வளவு, எதுவரை, யாருக்காக வைத்துக்கொள்ளலாம்? பாதுகாப்பது எந்தக் கட்டத்தில் பற்றாக மாறுகிறது? சமயங்கள் இதை அளவு, காலம், பிறர் பங்கு என்ற மூன்று கோணங்களில் ஆராய்ந்திருக்கின்றன.

அளவை முதன்மையாகக் கொண்டது சமணம். துறவி எல்லா உடைமையையும் விட வேண்டும். இல்லறத்தார் ஏற்கும் சிறு நோன்புகளான அணுவிரதங்களில் ஐந்தாவது, உடைமைக்கு வரம்பு கட்டுவது. தமிழ்ச் சமணர் இதை மிகுபொருள் விரும்பாமை என்பர். நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், ஆடை, பாத்திரம் என ஒவ்வொன்றிலும் இவ்வளவு போதும் என்று விரதம் ஏற்பவரே முன்கூட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்த வரம்பை மனிதர்கள் எப்படியெல்லாம் தாண்டுவார்கள் என்பதையும் இல்லற ஒழுக்கம் பற்றிய சமண நூல்களும் உரைகளும் நுட்பமாகக் கவனித்துள்ளன. இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சுவரை இடித்து ஒரே வீடு என்று கணக்குச் சொல்வது விரத மீறல். வரம்புக்கு மேல் வந்த தானியத்தை மூட்டை கட்டி, விரதக் காலம் முடியும்வரை இன்னொருவர் வீட்டில் விட்டுவைப்பதும் மீறல்தான். பொருள் கண்ணுக்கு மறைவாக, வேறொரு கூரையின் கீழ் இருந்தாலும் அது உடையவர் கணக்கில்தான் சேரும். வாடகை அறைக்கு இது அப்படியே பொருந்தும். சாமான் வெளியே போனதால் வீடு விசாலமாகத் தெரியலாம். உடைமை ஓர் இம்மியும் குறைந்திருக்காது. தத்துவார்த்த சூத்திரத்தை இயற்றிய உமாசுவாதி உடைமை என்பதையே மனத்தின் மயக்கம் என்று வரையறுக்கிறார். ஆகவே அறையின் பரப்பைவிட, அதில் உள்ளதைப் பற்றிக்கொண்டிருக்கும் மனமே சமணத்தின் முதல் கவலை.

காலத்தை அளவுகோலாக வைத்தது பௌத்தத் துறவியரின் ஒழுக்க நெறியான விநயம். இந்தக் கால வரம்பு பிறந்த நிகழ்ச்சியும் அதிலேயே சொல்லப்படுகிறது. சில பிக்குகள் ஊருக்குள் போக ஒரு தொகுதி, விகாரையில் இருக்க ஒரு தொகுதி, குளிக்கப் போக ஒரு தொகுதி எனச் சீவர ஆடைகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். மிகையான சீவரம் வைத்திருக்கக் கூடாது என்று புத்தர் விதித்தார். அதன்பின் ஆனந்தர் என்ற பிக்குவுக்கு ஒரு சீவரம் கிடைத்தது. அதைச் சாரிபுத்தர் என்ற பிக்குவுக்குக் கொடுக்க அவர் விரும்பினார். சாரிபுத்தரோ அப்போது தொலைவில், சாகேத நகரில் இருந்தார். அவர் எப்போது வருவார் என்று புத்தர் கேட்க, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வருவார் என்றார் ஆனந்தர். மிகையான சீவரத்தைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்று விதி திருத்தப்பட்டது. பிச்சைப் பாத்திரத்துக்கும் அதே பத்து நாள். மருந்தாக வாங்கிய நெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகியவற்றுக்கு ஏழு நாள். கெடு தாண்டினால் அந்தப் பொருளைச் சங்கத்திடமோ மற்றொரு பிக்குவிடமோ ஒப்படைத்துக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். சீவரத்தைப் பொறுத்தவரை, பிறகு அதை அவரிடமே திருப்பித் தந்துவிடுவார்கள். ஒப்படைக்கும் அந்தச் சிறிது நேரம் பொருளின் மீதிருந்த பிடி தளர்கிறது. விதியின் நோக்கம் அதுவே.

எடுத்து வைப்பதற்கு இந்நிகழ்ச்சி தெளிவான இலக்கணம் தருகிறது. ஆனந்தர் வைத்திருந்த சீவரத்துக்குப் பெறுபவர் ஒருவர் இருந்தார். அவர் வரும் நாளும் தெரிந்திருந்தது. இவ்விரண்டும் இருந்ததால் வைத்திருத்தல் அன்பின் செயலாயிற்று. சங்கத்துக்கென்று பொதுச் சேமிப்பு அறையையும் விநயம் அனுமதித்தது. அதற்கு நியமிக்கப்படும் பிக்கு விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் ஆகிய நான்கினாலும் வழிதவறாதவராக இருக்க வேண்டும். எது பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது, எது வைக்கப்படவில்லை என்பதை அறிந்தவராகவும் இருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்றே தெரியாத சேமிப்பு அந்த நெறிப்படி சேமிப்பே ஆகாது.

பிறர் பங்கு என்ற கோணத்தைக் கிறித்தவமும் இஸ்லாமும் வலியுறுத்துகின்றன. லூக்கா நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் ஒரு செல்வர் வருகிறார். விளைச்சல் பெருகியதும் இருக்கும் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிடுகிறார். அன்றிரவே அவர் உயிர் போக இருக்கிறது. அவர் யாரையும் ஏமாற்றியதாக உவமை சொல்லவில்லை. அவருடைய திட்டத்தில் அவரைத் தவிர வேறு எவருக்கும் இடமில்லை என்பதே அவர் குறை. இஸ்லாத்தில் வரம்புக்கு மேற்பட்ட பொன்னும் வெள்ளியும் பணமும் ஒரு சந்திர ஆண்டு கையிலிருந்தால் அதில் 2.5 சதவீதம் ஜகாத் எனும் கடமைக் கொடையாக ஏழைகளுக்கு உரியது. சொந்த உபயோகத்துக்கான துணிமணிக்கும் தட்டுமுட்டுச் சாமானுக்கும் அந்தக் கடமை இல்லை. புழங்கும் பொருளையும் தேங்கும் செல்வத்தையும் அச்சட்டம் பிரித்துப் பார்க்கிறது. தானும் துய்க்காமல் பிறர்க்கும் ஈயாமல் குவித்து வைத்த செல்வத்தைக் கண்டிக்கவே திருக்குறள் நன்றியில்செல்வம் என்ற 101ஆம் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது.

இவற்றிலிருந்து எடுத்து வைப்பதே தவறு என்று முடிவு கட்டுவது பிழை. பணியிட மாற்றம், வீட்டு மராமத்து, வெள்ளம், குடும்பப் பிரிவு எனப் பொருளுக்குத் தற்காலிக அடைக்கலம் தேவைப்படும் நிலைகள் பல. மனு நூல் எண்ணும் பதினெட்டு வழக்கு வகைகளில் அடைக்கலப் பொருளும் ஒன்று. அந்த அளவுக்கு அது வாழ்வில் இன்றியமையாததாக இருந்தது. துக்கத்துக்கும் இடம் வேண்டும். இறந்துபோன தாயின் தையல் மெஷினை என்ன செய்வது என்று முதல் மாதத்திலேயே பிள்ளைகளால் முடிவெடுக்க முடியாது. அதன் மேசை இழுப்பறையில் பாதி தீர்ந்த நூல்கண்டும் அளவு எழுதிய துண்டுச் சீட்டும் கிடக்கும். அவகாசம் கொடுப்பது கருணை. அந்த அவகாசத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். முதலாண்டுத் திதி முடியும்வரை என்று வைத்துக்கொள்வது பொருத்தமான எல்லை. அதற்குப் பிறகும் மெஷின் இருட்டில் கிடந்தால் துருதான் ஏறும். தையல் தெரிந்த ஒருவர் கைக்குப் போனால் அது மீண்டும் ஓடும்.

அறையை வாடகைக்கு எடுப்பவர் கைக்கொள்ள வேண்டிய நடைமுறையும் இந்த மூன்று கோணங்களிலிருந்தே பிறக்கிறது. முதலாவது அளவு. சாமான்களைப் பார்த்து அறையைத் தேடாமல், செலவழிக்கக்கூடிய வாடகையையும் உண்மையான தேவையையும் முதலில் முடிவு செய்து, அதற்குள் அடங்குவதை மட்டும் வைக்க வேண்டும். இரண்டாவது காலம். மாத வாடகையை வைக்கப்போகும் மாதங்களால் பெருக்கி, அந்தச் சாமானைப் புதிதாக வாங்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். வாடகை மிஞ்சினால், ஈடு செய்ய முடியாத பொருள் தவிர மற்றதை விட்டுவிடுவதே நல்லது. சலுகை வாடகை சில மாதங்களில் உயரலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒப்பந்தத்தை முழுமையாகப் படிப்பது அவசியம். அமெரிக்க மாநிலச் சட்டங்களின்படி, வாடகை பாக்கி வைத்தவரின் சாமான்களை முறைப்படி அறிவிப்புக் கொடுத்தபின் நிறுவனம் ஏலம் விட முடியும்.

மூன்றாவது பிறர் பங்கு. அதற்கு, உள்ளே இருப்பது என்ன, யாருக்கு என்பதை அறிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைப்பெட்டிக்கும் எண் இட்டு, அதில் உள்ள பொருள், அது யாருக்கு, எந்தத் தேதிவரை என்று பட்டியல் எழுதி, ஒரு பிரதியைக் கதவின் உட்புறத்திலும் மற்றொன்றை வீட்டிலும் வைக்க வேண்டும். கனமானவை கீழே, அடிக்கடி தேவைப்படுபவை முன்னால், நடுவே ஆள் நடக்க வழி. கடலோர ஊர்களில் ஈரக்காற்று துணியையும் மரத்தையும் புகைப்படத்தையும் கெடுக்கும். எனவே பெட்டிகளைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் வைப்பது நல்லது. ஃப்ரிட்ஜை நன்றாக உலர்த்திக் கதவைச் சற்றுத் திறந்து வைக்க வேண்டும். நகையும் பத்திரங்களும் வங்கி லாக்கருக்கு உரியவை.

பூட்டிய அறை தனிப்பட்டதாக இருந்தாலும் அதனால் வரும் ஆபத்து பிறரையும் தொடும். 2016 ஜூனில் ஹாங்காங்கின் இங்காவ் டாவ் கோக் பகுதியில் இத்தகைய சிறு அறைகள் நிறைந்த கட்டடத்தில் பிடித்த தீ 108 மணி நேரம் எரிந்தது. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். கேஸ் சிலிண்டர், பெட்ரோல், பட்டாசு போன்றவற்றை ஒளித்து வைப்பவர், முகம் தெரியாத மனிதர்களின் உயிரைப் பணயம் வைக்கிறார். எந்தச் சமயமும் இதை ஏற்காது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது அறையைத் திறந்து, பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சரிபார்க்க வேண்டும். யாருக்கு, எதுவரை என்று சொல்ல முடிகிற பொருள் இன்னும் இருக்கலாம். சொல்ல முடியாத பொருளைத் தேவைப்படுபவரிடம் கொடுத்துவிடுவதே அறம்.