கதைமாந்தரும் இல்லறமும்



கதை என்னும் சொல்லைக் கேட்ட அளவில் நம்மவருட் சிலர் முகஞ்சுளிப்பர். பொய்யென்று அறிந்தே ஒருவன் புனைகின்றான், பொய்யென்று அறிந்தே மற்றொருவன் கேட்கின்றான், இதனால் உயிர்க்கு வரும் உறுதி யாது என்பது அவர்தம் வினா. சாத்திரம் பாடங்கேட்கும் மாணாக்கர் கையிற் புதினமொன்று கண்டால் அதனைப் பறித்துப் பெட்டியில் வைக்கும் ஆசிரியர் இன்றும் உளர். அவ்வினா எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அதற்கு விடை நம் சாத்திரத்துள்ளேயே கிடக்கின்றது. அவ்விடையைத் துணையாகக் கொண்டு நோக்குவோமாயின், நம்மவர் பலர் இறைநிந்தை என்று கருதும் ஒரு சிறுகதையும் நம் இல்லங்களைப் பற்றி நமக்கு ஓர் உண்மை உரைப்பதனைக் காணலாம். அக்கதை பிழைபடும் இடம் இன்னது என்பதனையும் காணலாம்.

இல்பொருள் தோன்றாது, உள்பொருளே தோன்றும் என்பது சற்காரியவாதம். குடம் மண்ணின்கண் நுண்ணிதாய் இருந்தே வெளிப்படுவது. மண் முதற்காரணம், தண்ட சக்கரங்கள் துணைக்காரணம், குலாலன் நிமித்த காரணம் என்று நாம் பாடஞ்சொல்லுங்கால், திருமுதுகுன்றமாகிய இவ்விருத்தாசலத்து மாணாக்கர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. செராமிக் என்று ஊரார் வழங்கும் பீங்கான் தொழில் இவ்வூரில் நடைபெறுகின்றது. கூழ்போற் கரைத்த மண்ணைச் சுண்ணத்தாலாகிய அச்சில் வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, மண் ஓரத்திற் படிந்து உருவாகும். எஞ்சிய கூழைக் கவிழ்த்து, உருவை எடுத்து உலர்த்திச் சூளையில் இடுவர். கொலுவுக்குரிய செட்டியார் பொம்மைகள் பத்து ஓரச்சினின்றே வந்தன எனினும், சூளை திறக்குங்கால் ஒன்று கோணியிருக்கும், ஒன்று வெடித்திருக்கும், ஒன்று செவ்விதாய் நகைத்திருக்கும். தீ அக்குற்றத்தைப் படைத்ததா எனின், அன்று. மண்ணைப் பிசைந்த ஞான்றே உள்ளிருந்த காற்றும் கல்லும் தீயின்கண் வெளிப்பட்டன, அவ்வளவே.

கதைமாந்தரும் இத்தகையரே. புலவன் நிமித்த காரணன், மொழி அவனுக்குத் துணை, முதற்காரணமோ மக்களியல்பு. அவ்வியல்பின்கண் இல்லாத ஒன்றை எத்துணைப் பெரும் புலவனாலும் தோற்றுவித்தல் இயலாது. ஆகலின் கதையிற் கூறப்பட்ட நிகழ்ச்சி இல்பொருளாயினும், அந்நிகழ்ச்சியிற் புலனாகும் நெஞ்சம் இல்பொருளன்று. இனி, இல்லறம் என்பது உயிர்கட்கு அமைந்த சூளை. தனித்திருக்கும் ஒருவன் தன்னைப் பொறையுடையான் என்றும் பற்றற்றான் என்றும் எளிதிற் கருதிக்கொள்வான். மனைவியும் மக்களும் உடன்பிறந்தாரும் சூழ்ந்த இடத்திலேதான் அவன் மண் இன்னதென்பது தெரியும். கதை சொல்வோர் பெரும்பாலும் வீட்டினுள்ளே நுழைந்து நிற்பதன் காரணமும் இதுவே போலும்.

நமக்கு அண்மையதாகிய திருப்பெண்ணாகடத்திற்கு வருவோம். மெய்கண்ட தேவர் அவதரித்த தலம் அது. அவ்வூரிலே கலிக்கம்ப நாயனார் அடியார் திருவடிகளை விளக்கி அமுதூட்டும் நியமம் பூண்டிருந்தார். மனைவியார் கரகநீர் வார்ப்பார், நாயனார் அடி விளக்குவார். ஒருநாள் வந்த அடியாருள் ஒருவர், முன்னர் அவ்வீட்டிலேயே ஏவல் செய்திருந்து, வெறுத்து நீங்கிச் சிவவேடம் பூண்டு வந்தவர். மனைவியார் அவரை அடையாளங் கண்டார். நீர் வார்க்குங் கை சற்றே தாழ்த்தது. பின்னர் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். நாயனார் அக்கையைத் தறித்தார். கரகத்தைத் தாமே ஏந்தி, எஞ்சிய தொண்டைச் செய்து முடித்தார். கேட்போர் நடுங்கும் அச்செயலை இல்லறத்தார்க்கு விதியாகச் சேக்கிழார் பெருமான் கூறினாரல்லர். ஒருவர்க்கு அமைந்த வன்மையைப் பிறர் தமக்கு அளவுகோலாகக் கொள்ளுதல் தகாது. யாம் ஈண்டு நோக்குவது அத்தாழ்ப்பினையே. அவ்வம்மையார் கொடியரல்லர். அத்துணை அடியார்க்கும் நீர் வார்த்த கை அது. ஆயினும், வந்தவர் இன்னார் என்னும் நினைவு வந்தவுடன், சிவவேடம் மறைந்து பழைய ஏவலாள் தோன்றிவிட்டான். ஊரிலுள்ளார் அனைவரையும் மன்னிக்கும் நாம், நம் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றவனை மட்டும் மன்னிப்பதில்லை. குடும்பம் மறவாது. அதன் வலிமையும் அதுவே, அதன் மலமும் அதுவே.

இனி நம் முதுகுன்றத்துக்கே உரிய வரலாறு. நம்பியாரூரர் பழமலைநாதரைப் பாடி 12,000 பொன் பெற்றார். பெற்றவர் வாளா இராது, இப்பொன் திருவாரூரில் உள்ளார் வியக்குமாறு ஆங்கே வந்துசேர வேண்டும் என்று விண்ணப்பித்தார். மணிமுத்தாற்றில் இட்டு ஆரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்க என்றது இறைவன் திருவாக்கு. மனைவியின் ஊரார் முன்னே பெருமையோடு பொருள் கொண்டு நிற்க வேண்டும் என்னும் அவா எத்துணை இயல்பானது பாருங்கள்! ஆரூரிற் குளத்தினுள் இறங்கித் துழாவியபோது பொன் உடனே அகப்படவில்லை. கரையில் நின்ற பரவையார், ஆற்றில் இட்டதைக் குளத்தில் தேடுகின்றீரே, இதுவோ அருள் என்று நகையாடினார். இன்றைக்கும் நம் மகளிர் நாவில் வழங்கும் பழமொழிக்கு இது தாயகம். பொன் கிடைத்த பின்னரும், முதுகுன்றில் வெட்டிக் கொணர்ந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடியே நிறைவு பெற்றார். இறைவன் கொடுத்ததையும் உரைகல்லில் இட்டுப் பார்க்கும் இல்லம் அது. அதற்காக இறைவன் வெகுண்டானில்லை.

இவ்விரண்டையும் உளத்திற் கொண்டு, யாம் முன்னர்க் குறித்த சிறுகதைக்கு வருவோம். புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் எழுதியவர் (1906-1948) இயற்பெயர் சொ. விருத்தாசலம். நம் பழமலையின் பெயரைத் தாங்கித் திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தவர் அவர். 1943-இல் அவர் எழுதியது ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றை நடத்தும் கந்தசாமிப் பிள்ளை, சென்னைத் தெருமுனையில் நின்று டிராம் கட்டணத்தையும் வெற்றிலைச் செலவையும் கணக்கிட்டுக்கொண்டிருக்கையில், கடவுள் கிழவர் வடிவில் வந்து வழி கேட்கின்றார். பிள்ளையவர்கள் அவரைக் காப்பி அருந்த அழைத்துச் செல்கின்றார். வந்தவர் கடவுள் என்று அறிந்த பின்னும் அஞ்சாது, வரங்கொடுக்கும் வித்தையெல்லாம் தம்மிடம் வேண்டா என்று முன்னரே விலக்கிவிட்டு, தம் பத்திரிகைக்கு வாழ்நாட் சந்தா கேட்கின்றார். பின்பு வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஊரினின்று வந்த உறவினர் என்று மனைவி காந்திமதியம்மாளுக்கு அறிவிக்கின்றார். மகள் வள்ளி சிறு குழந்தை. அவளுக்கு அவர் தாத்தா. கூத்தப்பிரான் தாமே தேவியோடு ஆடிக்காட்ட, கலைப்புலமை உடையவராகிய ஒரு திவான் பகதூர் அதனைக் கலையன்று என்று தள்ளுகின்றார். முடிவில் கடவுள், எட்ட நின்று வரம் தரலாமேயன்றி உங்களோடு உடனிருந்து வாழ்தல் அரிது என்னும் கருத்துப்படக் கூறி நீங்குகின்றார்.

கடவுளைத் தெருவில் நடத்திக் காப்பி அருந்தச் செய்தது அபசாரம் என்பார் உளர். அவர்க்கு விடையாக ஒரு நாயனாரையே நிறுத்தலாம். சுந்தரர் பரவையாரின் ஊடல் தீர்க்க இறைவனைத் தூது விடுத்தார் என்று கேட்டு, ஏயர்கோன் கலிக்காமர் பொறாது கொதித்தார். ஆண்டவனை ஏவிக்கொள்ளும் தொண்டனும் ஒருவன் உளனோ என்றெழுந்த அவர் சினம் அன்பின்பாற்பட்டது. அதனாலேயே அவரும் தனியடியாருள் ஒருவராயினார். ஆயினும் இறைவன் அவர் பக்கம் நின்றானில்லை. சூலைநோய் தந்து, அதனைத் தீர்க்கச் சுந்தரரையே அனுப்பினான். அவர் கையால் நோய் தீர்தலினும் இறத்தல் நன்றென்று கலிக்காமர் தம் வயிற்றைக் கிழித்துக்கொள்ள, அவர் மனைவியார் செய்ததைக் காண்மின். அழுவாரை அடக்கி, வரும் அடியாரை எதிர்கொள்ளுமாறு பணித்து, தீங்கொன்றும் இல்லை, உள்ளே துயில்கின்றார் என்று சொல்லுவித்தார். கணவர் கொண்ட பகையையும் அவர் பூண்ட அடியார் பத்தியையும் ஒருங்கே காத்துநின்ற அம்மையாரை நம் சொற்பொழிவாளர் பெரும்பாலும் விரைந்து கடந்து செல்கின்றனர். அவர் பெயரால் ஒரு நாழிகையேனும் பேசுதல் தகும்.

வீட்டுக் காரியத்தில் கடவுள் நுழைதல் நம் மரபுக்குப் புறம்பன்று. வந்திக்கு ஆளாய் வந்து பிட்டுக்கு மண் சுமந்த பெருமான் அவன். எனவே அச்சிறுகதையின் குற்றம் அங்கில்லை. அது பசுவையும் பாசத்தையும் காட்டும் அளவில் முற்றும் மெய். கந்தசாமிப் பிள்ளை தீயவரல்லர். சோறிட்டார், இடங்கொடுத்தார், குழந்தையை அவர் மடியில் விட்டார். ஆனால் கணக்கை மட்டும் விட்டாரில்லை. நம் கலியாண வீடுகளிற் பந்தலின் வாயிலில் மொய்யேடு எழுதுவோன் அமர்ந்திருக்கின்றான். தாய்மாமனும் ஆங்கே ஒரு வரிதான், ஆசிரியனும் ஒரு வரிதான். தந்தை மகனுக்குக் கல்விக்கென்று செலவிட்டதும், தமையன் தம்பிக்கு விட்டுக்கொடுத்ததும், மருமகள் கொண்டுவந்ததும் ஏட்டிலேனும் நெஞ்சிலேனும் எழுதப்பட்டே கிடக்கின்றன. பாகப்பிரிவினை நாளில் அவை ஒவ்வொன்றும் எழுந்து பேசுகின்றன. யான் எனது என்னும் செருக்கு வாளேந்தி வருவதன்று. ஆணவத்தின் இயல்பு யாதென்று அருணந்தியார் வினவியபோது, மெய்கண்டாராகிய இளங்குழவி அவரை மேலுங்கீழும் நோக்கி, அவர் நின்ற நிலையையே விடையாக்கினார் என்பர். நல்ல கதையும் அங்ஙனமே செய்கின்றது. கந்தசாமிப் பிள்ளையைக் கண்டு நகைத்தவன், நகை ஓய்ந்தபின் தன்னை மேலுங்கீழும் நோக்குகின்றான்.

கதை பிழைபடுவது பதியைப் பற்றிய இடத்தில். மண்ணைக் கொண்டு குடத்தின் குணங்களை அறியலாம். குலாலன் நெஞ்சை அம்மண் முழுதும் அறிவியாது. அதுபோல மக்களியல்பையே முதலாகக் கொண்ட புனைவு, மனிதரிடம் சலித்துப்போகும் ஒரு கடவுளைப் படைத்துக் கொண்டது. சலித்தல் உயிரின் குணம். பதிக்கு அது கூறுதல் அமையாது. உயிரோடு இறைவனுக்குள்ள இயைபை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையாக நம் ஆசிரியர் வகுத்தனர். உடனிருத்தல் அவன் விரும்பின் மேற்கொண்டு வெறுப்பின் விடுவதொரு விருந்தன்று. உயிர் அவனை அறியாதிருக்கும் காலத்தும் அவன் திரோதான சத்தியால் மறைந்து நின்று நடத்துகின்றான். மறைதல் வேறு, நீங்குதல் வேறு. புதுமைப்பித்தன் கண்டது மறைதலை; எழுதியது நீங்குதல் என்று.

திருவாரூர் வீதியை நினைமின்கள். சங்கிலியார் திருமணத்தை அறிந்த பரவையார் கதவடைத்தார். அவர் சினம் தவறென்று சேக்கிழார் ஓரிடத்தும் கூறினாரில்லை. நள்ளிரவில் இறைவன் தன்னைப் பூசிக்கும் ஆதிசைவர் வடிவில் அவ்வாயிலுக்குச் சென்றான், பரவையார் இசையவில்லை. திரும்பி வந்து, மறுத்தாள் என்று நம்பியிடம் கூறினான். வெளியே நின்று வரம் தருவதோடு அமைந்திருக்கலாம் அன்றோ? மீண்டும் அதே வீதியில், அதே இரவில், தன் உருவோடும் கணங்களோடும் நடந்து சென்றான். வந்தவன் யாவன் என உணர்ந்து முன்னமே வருந்தியிருந்த பரவையார் அப்போது இசைந்தார். மறுக்கப்பட்ட வாயிலுக்கு இரண்டாம் முறை செல்லுதலே உடனாதலின் இலக்கணம் என்று பாடஞ்சொல்லின், மாணாக்கர் நெஞ்சில் அது எளிதிற் பதிகின்றது.

சிறுகதையின் முடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. அதனை ஆசிரியர் அறிந்தே அமைத்தாரோ என்று யாம் பலகால் எண்ணியதுண்டு. கடவுள் நீங்கியபின் கந்தசாமிப் பிள்ளை தம் ஏட்டை எடுத்து, வந்தவர் பெயரில் சந்தாப் பணம் 25 ரூபாய் வரவு வைக்கின்றார். அவ்வேளையிற் குழந்தை வள்ளி ஓடிவந்து, தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று வினவுகின்றது. அவ்வீட்டில் அவரைத் தேடியது அக்குழந்தை ஒன்றே. தந்தை அதற்கு என்ன விடை கூறினார் என்பதனைக் கதை கூறவில்லை.

திருச்சிற்றம்பலம்