தட்டின் முதுகு

வைகைக் கரையோரப் பரவையில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து, சீர்ப்பாத்திரங்களோடு அந்தச் சின்னப் பித்தளைத் தட்டும் இறங்கியது. நடுவே ஜெர்மனியின் கொலோன் பேராலயம், இரட்டைக் கோபுரங்களோடு புடைத்து நிற்கிறது. யார் வாங்கி வந்தது, எப்போது? வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

முகப்பு விடை சொல்லவில்லை. 1248-இல் தொடங்கிய அந்த ஆலயம் 1880-இல்தான் நிறைவெய்தியது. அதன்பின் வந்த எந்த ஆண்டுக்கும் அந்தக் கோபுரங்கள் பொருந்தும். திருப்பினோம். முதுகில் தேய்ந்துபோன எழுத்துகள்: 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி'. 'வெஸ்ட்' என்ற ஒரு சொல் போதும். நாடு இரண்டாகிப்போன 1949-க்கும், மீண்டும் ஒன்றான 1990-க்கும் இடையில் பிறந்த தட்டு இது.

அழகான பக்கம் ஊரைச் சொன்னது. காலத்தைச் சொன்னதோ எவரும் பாராத பக்கம். அயல்சரக்கு என்று வாங்குவோர் ஒதுக்கட்டுமென 1887-இல் பிரிட்டன் சட்டம் போட்டுப் பதிக்கவைத்த நாட்டுப் பெயர், காலப்போக்கில் தரத்தின் பெயராயிற்று. பின்னர் அதன்முன் வந்து ஒட்டிக்கொண்ட திசைப்பெயர், ஒரு தேசத்தின் காயம். தட்டைச் செய்தவன் வயதைச் சொல்ல நினைக்கவில்லை, காயம் சொல்லிவிட்டது.

நாமும் பாத்திரங்களில் பெயர் வெட்டுகிறோம். இதே வைகைக் கரையில், கீழடியில், பானையோட்டில் 'ஆதன்' என்று கீறிவைத்தவர்களும் நம்மைப் போன்றவர்களே. அவர்கள் ஆண்டைக் கீறவில்லை. மண்ணடுக்கிலிருந்த கரிம மாதிரிதான் நம்மைக் கி.மு. 580 வரை அழைத்துச் சென்றது. கரிமக் கணக்கின் விந்தை இது: ஓர் உயிர் மடிந்த கணத்திலிருந்தே அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

நம் வீட்டுக் கணக்கும் வேறல்ல. தாது வருஷப் பஞ்சத்துக்கு முன், தனுஷ்கோடிப் புயலுக்குப் பின், தாத்தா தவறிய மறுவருஷம் என்றுதானே பெரியவர்கள் பிறப்பையும் மணத்தையும் குறித்தார்கள்! நிறைவான நாள்கள் ஒன்றைப்போலவே இன்னொன்றாய்க் கழிந்துவிட, நாம் மறைக்க விரும்பும் பிரிவும் முறிவுமே நம்மை ஒரு காலத்துக்கு உரியவர்களாக, ஆகவே மற்றெவராகவும் இருக்க இயலாத இந்த ஒரு மனிதராக அடையாளம் காட்டுகின்றன எனில், வடுவைத் தேய்த்தழிக்க முனைபவர் தம் வலியை மட்டுமன்று, தாம் வாழ்ந்ததற்கான சாட்சியையும் சேர்த்தே அழிக்கிறார். பெயரை நாம் வெட்டிக்கொள்ளலாம். தேதியை இழப்புதான் வெட்டுகிறது.

தட்டின் முகத்தைப் புளி போட்டு விளக்கினோம். கோபுரங்கள் பளிச்சென்று எழுந்தன. முதுகை விளக்கப் போன கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டோம்.