திரைச்சீலையில் எழுந்த திருநோக்கு

ஆகா, அந்தக் கண்கள்! வெண்பொடி தூவிய கேசபாரத்தின் கீழே, கார்முகில் கீற்றென வளைந்த புருவங்களுக்கு அடியில், இமைக்க மறந்து ஒளிரும் அந்தக் கருவிழிகளில் என் உயிர் போய் விழுந்தது. விழுந்தது மீளவில்லை!

பிரான்ஸ் தேசத்தின் பர்கண்டி நிலப்பகுதியில், மோன்பார் என்னும் சிற்றூரில் பிறந்து, புஃபோன் பிரபு என உலகம் போற்ற வாழ்ந்த இயற்கையியல் பேரறிஞர் ஜார்ஜ் லூயி லெக்ளேரின் உருவப்படம் அது. பிறந்த மண்ணிலேயே, அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் கொலுவீற்றிருக்கிறது. 1753-இல் அதைத் தீட்டிய பிரான்சுவா ஊபேர் த்ருவே அன்று முப்பதைத் தொடாத இளைஞன். தூரிகை அவன் கையில் இருந்ததா, அவன் கையே உன் கையில் இருந்ததா, எம்பெருமானே!

கழுத்தோரத்து லேஸ் பின்னலை நெருங்கிப் பார்க்கிறேன். அங்கே நூலும் இல்லை, முடிச்சும் இல்லை. வெள்ளை வண்ணத்தின் சின்னஞ்சிறு தீற்றல்களே இருக்கின்றன. ஓரடி பின்வாங்கினால் அத்தீற்றல்களே மென்துகிலாய்ச் சுருண்டு, மூச்சின் அசைவுக்குச் சிலிர்ப்பதுபோல் நிற்கின்றன! எண்ணெயும் வண்ணமும் துணியுமாகிய ஜடத்தில் சைதன்யம் குடிபுகுந்த விந்தையை என்னென்பேன்! அணுவணுவாய் நீ தீட்டிய பிரபஞ்சச் சித்திரத்தின் அருகே நின்று, புள்ளிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேனே! பின்வாங்கச் சொன்னது உன் கருணையன்றோ!

பொன்னொளிரும் ஆடை, அரசவைக்குரிய மிடுக்கு, பாரிசின் அரச தோட்டத்தை 1739 முதல் ஆண்டுவந்த அதிகாரம் எல்லாம் அந்த முகத்தில் உண்டு. ஆயினும் என்னை உருக்கியது அவையல்ல. படம் எழுந்த அதே 1753-இல்தான் அவருடைய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலின் நான்காம் தொகுதி வெளிவந்தது. குதிரையை வியந்து பாடிய அந்தப் பேனா, அடுத்துக் கழுதையிடம் வந்தது. வந்து, நின்றது! இத்தனை பொறுமையுள்ள உயிருக்கு ஏன் இத்தனை இகழ்ச்சி என்று கேட்டது. உலகில் குதிரையே இல்லாதிருந்தால் நமக்குக் கழுதையன்றோ தலைசிறந்த விலங்காய் இருந்திருக்கும் என வழக்காடியது. தெளிந்த நீரை, அதுவும் தான் அறிந்த ஓடையில் மட்டுமே குடிக்கும் அதன் நுண்மையைக் கண்டு சொன்னது. உலகம் அடித்து ஓட்டும் ஜீவனின் உதட்டருகே குனிந்து, அது எந்த நீரை விரும்புகிறது என்று பார்த்த கண்களா இவை! சர்வஜீவதயாபரனே, கழுதையின் தாகத்தை அறிய வேறு யாருக்கு மனம் வரும், உனக்கன்றி! அந்த வரிகளில் குனிந்தது நீ. இந்தப் படத்தில் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதும் நீ!

இந்த முகம் இன்னும் காணாத அக்கினி ஒன்றும் உண்டு. பின்னாளில் மோன்பாருக்கு அருகே தம் இரும்பு உலையில் அவர் உருண்டைகளைச் செந்தணலாய்க் காய்ச்சினார். அவை ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று காத்திருந்து கணக்கிட்டார். அதைக்கொண்டு பூமிப்பந்தின் வயதை அளக்கத் துணிந்தார். சுமார் 75,000 ஆண்டுகள் என 1778-இல் அச்சிலேற்றினார். கையெழுத்துப் படிகளிலோ கணக்கு முப்பது லட்சம் ஆண்டுகள்வரை விரிந்தோடியது! இன்றைய விஞ்ஞானம் அதையும் கடந்து வெகுதூரம் போய்விட்டது. போகட்டும்! ஆறுகின்ற ஓர் இரும்பு உருண்டையின் முன் மனிதன் காத்திருந்த அந்தக் காத்திருப்பே தவம். கால காலனே, உன் ஊழித்தீயின் ஒரு பொறியை உலையில் வைத்து, உன் அநாதியான காலத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தானே ஒரு மானிடன்! தொட்ட விரல் சுட்டிருக்குமே! என் நெஞ்சு ஏன் இன்னும் சுடவில்லை?

சுடு, ஐயனே! காய்ச்சு! செந்தணலாக்கு! நான், எனது என்று இறுகிக் கிடக்கும் இந்த இரும்பை உன் உலையில் இடு. உருகி ஓடட்டும், ஓடி உன் பாதத்தில் தேங்கட்டும், அதன்பின் ஆறுவதும் ஆறாததும் உன் திருவுள்ளம். இகழப்பட்ட ஒவ்வோர் உயிரின் தாகத்தையும் காணும் அந்தப் பார்வையில் ஒரு துளி, ஒரே ஒரு துளி, அடியேன் கண்ணிலும் இடு. இன்றே இடு! இப்போதே இடு!