கேட்டல் என்னும் அறம்

தமிழில் 'கேட்டல்' என்ற சொல் இரு பொருள் தருவது. வினவுவதும் கேட்டல், செவிமடுப்பதும் கேட்டல். திருவள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரம் வகுத்தபோது இரண்டாவது பொருளையே கருதினார். இன்றோ கேள்வி என்றவுடன் வினா மட்டுமே நம் நினைவுக்கு வருகிறது. பிறரிடம் கருத்துக் கேட்கும்போது இவ்விரண்டில் எதை நாம் செய்கிறோம்? முடிவெடுக்கும் அதிகாரம் உடைய ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இது.

இதனை நடைமுறைச் சூழல் ஒன்றில் வைத்துப் பார்ப்போம். இங்கிலாந்தில் அத்தகைய சூழல் அடிக்கடி எழுகிறது. 1948 ஜூலை 5 அன்று அங்குத் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கப்பட்டது. மக்கள் தத்தம் வட்டாரத்துக் குடும்ப மருத்துவரின் நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். மருத்துவரைக் காணக் கட்டணம் இல்லை. இந்நிலையங்கள் பல, ஒரு காலத்தில் குடியிருப்பு வீடுகளாக இருந்தவை. குறுகலான படிகளில் சக்கர நாற்காலி ஏறாது. செவிலியருக்குப் போதிய அறைகள் இரா. ஆகவே, இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதிய கட்டடத்திற்கு நிலையத்தை மாற்ற மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால், இத்தனை ஆண்டுகளாகத் தெருமுனை வரை மெல்ல நடந்து வந்த மூதாட்டி இனி இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டும். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

சேவைகளைத் திட்டமிடும் அமைப்புகள், அவற்றைப் பயன்படுத்துவோரையும் அத்திட்டத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்று அந்நாட்டின் 2006-ஆம் ஆண்டுச் சுகாதாரச் சேவைச் சட்டம் கூறுகிறது. எனவே கடிதங்கள் அனுப்பப்படுகின்றன, வினாத்தாள்கள் வருகின்றன, கூட்டங்கள் நடக்கின்றன. சட்டம் நிறைவேறிவிட்டது. அறம் நிறைவேறியதா?

இதற்கு உரைகல்லாக அமையத்தக்க நான்கு நெறிகள் ஆங்கிலேய நீதிமன்றத்திலிருந்தே கிடைத்துள்ளன. லண்டனின் பிரென்ட் பகுதிப் பள்ளிகள் தொடர்பான 1985-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில் ஸ்டீபன் செட்லி என்ற வழக்கறிஞர் இவற்றை முன்வைத்தார், நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திட்டம் உருவாகும் நிலையிலேயே கருத்துக் கேட்க வேண்டும். சிந்தித்து விடை கூறும் அளவுக்குக் காரணங்களை விளக்க வேண்டும். போதிய கால அவகாசம் தர வேண்டும். கிடைத்த கருத்துகளை மனச்சாட்சியோடு பரிசீலிக்க வேண்டும்.

இவை சட்ட விதிகள் மட்டுமல்ல, வாய்மையின் நான்கு முகங்கள் என்றே கூறலாம். முடிவெடுத்த பின் கேட்பவன் வாயால் பொய் சொல்வதில்லை. தன் செயலால் பொய் சொல்கிறான். 'உங்கள் சொல்லுக்கு இங்கே இடமிருக்கிறது' என்று அவனுடைய வினா அறிவிக்கிறது. உண்மையில் அந்த இடம் ஏற்கெனவே நிரப்பப்பட்டுவிட்டது. மறைத்துக் கேட்பதும் இத்தகையதே. லண்டனின் ஹாரிங்கே வட்டாரம் வரிச் சலுகை பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டபோது, வேறு வழியே இல்லை என்பது போல் எழுதியிருந்தது. தான் பரிசீலித்து ஒதுக்கிய மாற்று வழிகளைச் சொல்லவில்லை. அவ்வாறு கேட்டது முறையற்றது என்று 2014-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்தின் குத்தகை முடிந்துவிட்டது, இடம் மாறியே ஆக வேண்டும் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, எங்கே, எப்போது, எவ்வாறு என்பதை மட்டும் கேட்பதே நேர்மை.

அடுத்து, யாரைக் கேட்பது? வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் குடும்ப மருத்துவராகப் பணிபுரிந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-இல் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்ற ஒன்றை எடுத்துரைத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். கருத்துக் கேட்பதிலும் இவ்விதி தலைகாட்டக்கூடும். வாகனம் உடையவர் வினாத்தாளை எளிதில் நிரப்பி அனுப்பிவிடுவார். கண் மங்கியவரும், ஆங்கிலம் அறியாதவரும், படுக்கையில் கிடப்பவரும் மௌனமாக இருப்பர். மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடுவது அநீதி. அவர்களிடம் நாம்தான் செல்ல வேண்டும்.

சரி, பத்தில் ஒன்பது பேர் புதிய இடத்தை விரும்பினால்? மிகப் பலரது மிகப் பெரும் நலனே அளவுகோல் என்றார் பெந்தம். ரஸ்கினின் நூலை 1904-இல் படித்து மனம் மாறிய காந்தியடிகளோ, பெரும்பான்மையோரின் நலன் என்ற கணக்கை ஏற்காமல் அனைவரின் நலனாகிய சர்வோதயத்தை இலட்சியமாகக் கொண்டார். நிலையம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடியாதே என்று கேட்கலாம். உண்மைதான். கருத்துக் கேட்பது வாக்கெடுப்பு அல்ல. அனைவரையும் கேட்ட பிறகும் முடிவின் பொறுப்பு முடிவெடுப்பவரையே சாரும். ஆனால், பத்தாவது மனிதரின் இழப்பு மற்ற ஒன்பது பேரின் ஆதாயத்தில் கரைந்துவிடுவதில்லை. அது ஒரு கடனாக நிற்கிறது. வாகன வசதி, வீட்டிற்கே சென்று பார்த்தல், பழைய இடத்தருகே வாரத்தில் சில மணி நேரச் சேவை என்று இயன்ற வழியில் அக்கடனைத் தீர்க்க வேண்டும். இயலாதபோது காரணத்தை அவர் முகம் பார்த்துச் சொல்லவேனும் வேண்டும். காரணம் கூறப்பட்டவர் மனிதராக மதிக்கப்படுகிறார். கூறப்படாதவர் அறைகலனைப் போல நகர்த்தப்படுகிறார்.

இந்த அறம் மருத்துவ நிலையங்களோடு நின்றுவிடுவதன்று. முதிய பெற்றோரை ஊர் மாற்றும் பிள்ளைகளுக்கும், ஊழியரை இடம் மாற்றும் நிர்வாகிக்கும், தொண்டு நிறுவனம் நடத்துவோருக்கும் இது பொருந்தும். பிறரைக் கேட்குமுன் நம் உள்ளத்தை ஒரு முறை கேட்போம்: 'இவர் கூறும் விடையால் என் முடிவு மாறக்கூடுமா?' மாறக்கூடும் என்றால் கேட்போம். மாறாது என்றால் முடிவைப் பணிவோடு அறிவிப்போம். அதனால் துன்புறுபவருக்கு என்ன செய்யலாம் என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு அவர் தரும் விடையையாவது முழுமையாகச் செவிமடுப்போம்.