இரண்டாவது வரி

அந்தப் பெருவிரல் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூன்று வாரமாகிவிட்டது.

ஆஸ்திரேலியாவில், பொயிண்ட் குக்கில் எங்கள் கிறிஸ்தவ புரொஃபஷனல்ஸ் ஃபெலோஷிப்பின் பத்தாம் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகை. வாடகை ஹால், பாடல்கள், செய்தி, சாட்சி, பிறகு பிரியாணி. சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டைகளை அச்சடித்தது நான். மேல் வரியில் பெயர், கீழ் வரியில் தொழில். வருகிறவர்களே பேனாவால் நிரப்பிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் புதிதாக ஒருவர் நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் தட்டு. மறு கை நெஞ்சருகே, அட்டையைப் பிடித்தபடி. பெருவிரல் சரியாகக் கீழ் வரியின்மேல்.

"என்ன பண்றீங்க பிரதர்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "ஜெபிச்சுக்கோங்க பிரதர்" என்றார். விரல் அசையவில்லை.

அந்த வரியை நான் யோசித்துத்தான் போட்டேன். வேலை தேடுகிற ஒருவர், அதே துறையில் இருக்கிற இன்னொருவரை அடையாளம் காணட்டும் என்று. இப்படிப்பட்ட ஐக்கியங்கள் பிறந்ததே வேலையை விசுவாசத்தோடு சேர்த்து யோசிக்கத்தான். இந்தியாவில் 1954-இல் தொடங்கிய யூஇஎஸ்ஐ என்ற மாணவர் அமைப்பு, கல்லூரிகளில் மாணவர் ஜெபக்குழுக்களை வளர்த்தது. படித்து முடித்து வேலைக்குப் போனவர்கள் பட்டதாரி ஐக்கியங்களாகக் கூடினார்கள். பொய்க் கணக்கில் மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொன்னால் என்ன செய்வது என்று கேட்க ஞாயிறு ஆராதனையில் இடமில்லை. இங்கே இருக்கிறது. அதை நான் இப்போதும் பெரிதாக மதிக்கிறேன்.

தவிர, எங்களில் பாதிப்பேரை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்ததே அந்த வரிதான். விசாவுக்கு எழுதிப்போடும்போது தொழிலுக்கு ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. குறைந்தது 65 புள்ளி சேர வேண்டும். பொயிண்ட் குக் என்ற ஊர்ப் பெயரும் அப்படித் தொழிலோடு வந்ததுதான். 1836-இல் ராட்டில்ஸ்னேக் என்ற கப்பலில் மேட் என்ற பொறுப்பில் வந்த ஜான் குக் என்பவரின் பெயரை இந்த முனைக்கு வைத்தார்கள். அவரைப் பற்றி நான் படித்த வரிகளிலெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் கப்பலும் வேலையும் மட்டுமே இருந்தன.

தமிழ்நாட்டில் எங்கள் ஊர் நாசரேத் பக்கம். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையின் கடைசி நாள் அசனம், ஊரே கூடிச் சாப்பிடும் விருந்து. மணலில் வரிசையாக உட்காருவோம். பனையோலைப் பட்டையில் சுடச்சுடச் சோறு விழும். ஓலை வாசனையும் சாம்பார் வாசனையும் சேர்ந்து ஏறும். பக்கத்தில் வாத்தியார் இருப்பார், கருப்பட்டி வியாபாரி இருப்பார், அப்பா இருப்பார். யாரும் யாரையும் என்ன வேலை என்று கேட்டதில்லை. இதை எழுதும்போதே ஒன்று உறுத்துகிறது: கேட்காததற்குக் காரணம் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதுதான். சாதி தெரியும், கடன் தெரியும். அசனத்தைச் சமத்துவமாக நினைத்துக்கொள்வது எனக்கு இனிக்கிறது, அவ்வளவே.

அப்பா பனையேறி. காலையும் மாலையும் மரம் ஏறுவார். நெஞ்சில் மரம் உரசிய தழும்பு காய்ந்த தோல்போலக் கறுத்திருக்கும். தாத்தாவுக்கும் அதே தொழில். 1872 கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் பதிவேட்டில் தொழிலுக்கு ஒரு கட்டம் உண்டு. தாத்தாவின் பதிவில் பனையேற்று என்றே எழுதியிருந்தது. என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது அப்பா கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு விவசாயம் என்று எழுதினார். எங்களுக்குக் கால் ஏக்கர் நிலம்கூடக் கிடையாது. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் பன்னிரண்டு சீஷர்களின் பெயர்கள் வருகின்றன. பேதுருவும் யோவானும் மீன் பிடித்தவர்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. மத்தேயுவின் பெயரோடு மட்டும் ஆயக்காரன் என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாற்கும் லூக்காவும் தரும் பட்டியல்களில் அதுவும் கிடையாது. ஊரே வெறுத்த தொழில். சபை மரபு சொல்வதுபோல அதை எழுதியவர் மத்தேயுவேதான் என்றால், தன் அட்டையின் கீழ் வரியைத் தானே நிரப்பியிருக்கிறார். முதலில் இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இரண்டு நாள் கழித்து ஆறுதல் போய்விட்டது. ஆயத்துறையை விட்டு எழுந்து வந்த பிறகல்லவா எழுதினார்? அன்று மேடையில் சாட்சி சொன்ன நால்வரில் மூவர், வேலையில்லாமல் தவித்த மாதங்களைப் பற்றித்தான் சொன்னார்கள். மூவருமே வேலை கிடைத்த பிறகு சொன்னார்கள். தவிப்பின் நடுவில் இருக்கிற ஒருவர் ஏறி நின்று பேச எங்களிடம் மேடை இருக்கிறதா?

இவ்வளவும் நானே கட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். நான் வாங்கிய ஊசிகள் மட்டமானவை; என் அட்டையே இரண்டுமுறை கழன்று விழுந்தது. அவர் விழாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். ஜெபிக்கச் சொன்னது வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்பதற்காகவும் இருந்திருக்கலாம். என்ன காரியம் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன், எதற்காக என்று தெரியாமலே.

வருகைப் பதிவில் அவர் ஃபோன் நம்பர் இருக்கிறது. கூப்பிட்டு, எப்படி இருக்கீங்க பிரதர் என்று கேட்டுவிடலாம். அதற்கு அடுத்து என் வாயில் தானாக வரும் கேள்வி எது என்பதும் எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக எதைக் கேட்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.