தோஷத்தின் இருப்பிடம்

குற்றமற்ற பொருள்கள் பல ஒன்றுகூடும் இடத்தில் குற்றம் தோன்றுமாயின், அக்குற்றத்திற்கு ஆசிரயம் எது என்னும் வினா தத்துவ விசாரணையில் மிகப் பழையது. ஆயினும் அதனை ஏடுகளில் தேடுவதைக் காட்டிலும், சங்கீத ரஸிகர் ஒருவர் தம் வீட்டுக் கூடத்தில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரையும் புதிய ஹோம் தியேட்டரையும் ஒன்றாக இணைக்கும் வேளையில் இன்னும் தெளிவாகக் காணலாம் என்பது என் எண்ணம்.

தனித்தனியே ஒலிக்கையில் இரண்டும் பரிசுத்தமாகவே ஒலிக்கும். ஹோம் தியேட்டரின் ரிசீவரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஓர் ஆர்.சி.ஏ. கம்பியைச் செருகிய கணத்திலேயே ஸ்பீக்கர்களில் தாழ்ந்த ரீங்காரம் ஒன்று எழும். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்காது. விநாடிக்கு 50 சுற்றாக அலையும் நம் நாட்டு மின்சாரத்தின் குரல் அது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் பெண்மணி ஒருவருடைய கச்சேரிப் பதிவை அப்போது கேட்டால்தான் அதன் கொடுமை விளங்கும். அப்பதிவிலுள்ள தம்பூராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸில் நிற்க, ரீங்காரத்தின் இரண்டாம் அநுஸ்வரம் 100-ல் வந்து நிற்கிறது. அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கே மிகுந்து, சுருதியோடு சேராமலும் அதைவிட்டு விலகாமலும், விநாடிக்கு இருமுறை நாதத்தைத் தடுமாறச் செய்கிறது. தூரத்தில் ஒலிக்கும் அபஸ்வரத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். ஷட்ஜத்தின் மடியிலேயே அமர்ந்துகொள்ளும் அபஸ்வரத்தைச் செவி பொறுப்பதில்லை.

இது எங்கிருந்து வருகிறது? ஆம்ப்ளிஃபயரின் மூன்று முள் பிளக் சுவரிலுள்ள எர்த்தைச் சென்று அடைகிறது. ரிசீவருக்கு இரண்டு முள்ளே. ஆயினும் கேபிள் டிவிக் கம்பியின் மேலுறை, கட்டடத்தின் வேறோரிடத்தில் பூமியைத் தொட்டுவிட்டு, அதற்கும் ஒரு பூமியைக் கொண்டுவந்து தந்துவிடுகிறது. ஆர்.சி.ஏ. கம்பியின் உள்ளிழை சங்கீதத்தைச் சுமக்க, அதனைச் சுற்றிய செம்புப் பின்னல் இரண்டு பெட்டிகளின் உடலையும் பிணைத்து வளையத்தைப் பூர்த்தி செய்கிறது. மாறுகின்ற காந்தப்புலத்தின் நடுவே மூடிய வளையம் கிடக்குமாயின் அதில் மின்னோட்டம் பிறந்தே தீரும் என்பது 1831-ல் ஃபாரடே கண்ட விதி. ஒவ்வொரு பெட்டியும் தன் உடலையே பூஜ்யமாகக் கொண்டு மற்றவற்றை அளக்கிறது. இந்த இரண்டு பூஜ்யங்களுக்கும் இடையே ஒரு சில மில்லிவோல்ட் வேற்றுமை. அந்த வேற்றுமையைச் சங்கீதம் என்றே நம்பி ஆம்ப்ளிஃபயர் விசுவாசத்துடன் பெருக்கித் தருகிறது.

தார்க்கிகர்கள் போற்றும் அந்வய வ்யதிரேக முறையை இங்கே பிரயோகித்துப் பார்ப்போம். கேபிள் கம்பியைக் கழற்றினால் ரீங்காரம் அடங்குகிறது. ஆகவே கேபிள்தான் குற்றவாளி என்போம். அதை மீண்டும் மாட்டிவிட்டு ஆர்.சி.ஏ. கம்பியைக் கழற்றினாலும் அடங்குகிறது. அதையும் மாட்டிவிட்டு எர்த் தொடர்பை நீக்கினாலும் அடங்குகிறது. எதை நீக்கினாலும் நின்றுவிடும் ஒன்றுக்கு எதைக் காரணமென்பது? ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த நையாயிகரான ஜயந்த பட்டர், ஞானத்தைப் பிறப்பிக்கும் காரணங்களுள் எதுவும் தனித்து நின்று தலைமை பெறுவதில்லை, சாமக்ரி என்னும் முழுத்தொகுதிக்கே அத்தலைமை உரியது என்று நியாயமஞ்ஜரியில் வாதித்தார். ஞானத்திற்கு அவர் சொன்னதைத் தோஷத்திற்கும் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வளையம் முழுவதும் சேர்ந்தே பாடுகிறது. அதில் எந்த ஒரு கண்ணியும் பாடவில்லை. குடும்பத்திலோ மடத்திலோ கலகம் மூளும்போது, எவரை விலக்கினால் அமைதி உண்டாகிறதோ அவரே குற்றவாளி என்று தீர்ப்பளித்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. விலக்கியபின் உண்டான அமைதி அவருடைய குற்றத்திற்குப் பிரமாணமாகாது. வேறொருவரை விலக்கியிருந்தாலும் அதே அமைதி உண்டாகியிருக்கும் என்பதை எவரும் பரீட்சித்துப் பார்ப்பதில்லை.

எதை நீக்கினாலும் சரியே என்ற நிலையில், மனிதர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது எர்த் முள்ளின்மீதுதான். அது தடித்து நீண்டு கண்ணெதிரே நிற்கிறது, அதை ஒடித்தெறியக் காசும் வேண்டுவதில்லை. இதனினும் பெரிய அபாயம் வேறில்லை. பெட்டிக்குள் பேஸ் கம்பி நழுவி இரும்பு உடலைத் தொடும் நாளில், அந்த முள்ளின் வழியாகத்தான் மின்சாரம் பூமிக்கு ஓடி, பியூஸ் எரிந்து, உயிர் தப்புகிறது. முள் இல்லையேல் அம்மின்சாரம் பெட்டியின் உடலிலேயே காத்திருந்து, அதைத் தொடும் குழந்தையின் கைவழியே இறங்கும். சப்தம் நின்றது என்ற சந்தோஷத்தில் ரக்ஷணை போனதை ஒருவரும் கவனிப்பதில்லை. சாந்திக்காகச் சரணாலயத்தையே இடிப்பது எந்த மதத்திலும் சாதனையாகாது.

முறையான பரிகாரங்கள் உள்ளன. எல்லாப் பெட்டிகளையும் ஒரே பலகையிலுள்ள பிளக்குகளில் செருகிக் கம்பிகளை நெருக்கி வைத்தாலே வளையம் சிறுத்துவிடும். அது போதாவிடில், கேபிள் கம்பி ரிசீவரை அடையுமிடத்தில் ஓர் ஐசொலேட்டரையோ, ஆர்.சி.ஏ. வழியில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரையோ இடலாம். டிரான்ஸ்பார்மரில் இரண்டு சுருள்கள் ஒன்றையொன்று தீண்டுவதேயில்லை. ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் சங்கீதத்தை எழுப்புகிறது, பூமியின் ஓட்டமோ இக்கரையிலேயே நின்றுவிடுகிறது. ரோகத்தைப் பிறப்பித்த அந்த ஃபாரடே விதியே இங்கு ஔஷதமாகிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை. டிஜிட்டல் கருவிகளுக்கிடையே ஆப்டிகல் கேபிள் இருக்குமாயின் செம்பே வேண்டியதில்லை. ஒளி செய்தியை எடுத்துச் செல்கிறது, மின்னோட்டத்தை எடுத்துச் செல்வதில்லை.

இதிலிருந்து, சேர்க்கையே தோஷத்திற்கு மூலம், ஆதலால் விலகி நிற்பதே வழி என்று சித்தாந்தம் செய்ய முற்படுவோருக்கு நான் உடன்படேன். அதே கூடத்தின் மூலையில் ஒரு ரிகார்டு பிளேயர் இருக்கிறது. அதன் ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்டே ஆதலால், அதன் உலோகக் கையின் பூமித் தொடர்புக்கென்று ஆம்ப்ளிஃபயர் வரை மெல்லிய கம்பி ஒன்று தனியே வருகிறது. இங்கே அக்கம்பி விடுபட்டால்தான் ரீங்காரம் எழுகிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்துத் திருகாணியில் அதைச் சுற்றி இறுக்கும் வரையில், வேறெதைக் கழற்றினாலும் அது அடங்குவதில்லை.