கடனுக்கு வந்த சீமை

மாமல்லபுரத்துக் கடற்கரையில் நின்றால் நமக்கு மார்பு விம்முகிறது. 642-இல் வாதாபியை வென்ற நரசிம்மவர்மனின் விருதுப் பெயரல்லவா இந்த ஊருக்கு!

செங்கற்பட்டு வந்ததும் முகம் சுளிக்கிறோம். கும்பினிப் பட்டாளம் நவாப் முகமது அலிக்குத் துணையாக வந்தது. யுத்தச் செலவு கடனாக ஏறியது. 1763-இல் இந்தச் சீமையையே அவர் ஜாகீராக எழுதிக் கொடுத்தார். உழுதவனை யாரும் கேட்கவில்லை. 1780-இல் ஹைதர் அலி கும்பினிமேல் படையெடுத்தபோது பாழானவை அவனுடைய கிராமங்கள்தாம்.

கும்பினியைத் திட்டுவோம்; நியாயமே. வாதாபியிலும் உழுதவர்கள் இருந்திருப்பார்களே? கற்கோயில்களைப் பார்த்து மயங்கி, நம்மவனை மன்னித்துவிட்டோமோ என்னவோ! புலிகேசிதானே முதலில் வந்தான் என்பீர்கள். உண்மைதான். அதை அந்த வாதாபிக் குடியானவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?